சுடுகாடு இல்லாத நகரம்

கப்பலேறி ஊர் சுற்றப் போனவர்கள் திரும்பி வந்து ஆயிரம் கதை சொல்வார்கள், அதில் தொள்ளாயிரம் சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கும். ஆனால் திசையன்விளை பாத்திரக்கடை அண்ணாச்சியும் அவர் மனைவி ராஜகனியும் போன கப்பலைப் பற்றி மட்டும், அதில் கூடப் போய்த் திரும்பியவர்கள் யாரும் இதுவரை வாய் திறந்ததில்லை. கேட்டால் 'ஏதோ போனோம், வந்தோம்' என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்லாததை நாம் சொல்லிவிடுவோம்.

கப்பலில் போக வேண்டும் என்பது ராஜகனியின் ஆசை, அண்ணாச்சியின் ஆசை அல்ல. கல்யாணமான புதிதில் உவரிக் கடற்கரையில் நின்றபோது, தொலைவில் விளக்கு மினுங்கிக்கொண்டு போன கப்பலைக் காட்டி, அதுல ஒருநாள் போவமா என்று அவள் கேட்டாள். கடையை யாரு பாக்க என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நாற்பது வருஷத்துக்குப் பக்கத்தில் ஆயிற்று. மகள் ஜெயசெல்வியைக் கட்டிக்கொடுத்து, மருமகன் கல்லாவில் உட்கார்ந்து, பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே விலை சொல்லப் பழகிய பிறகும் அண்ணாச்சி அசையவில்லை. "கடல்ல என்னட்டீ இருக்கு? தண்ணிதான் இருக்கு" என்றார். ராஜகனி மறுபேச்சுப் பேசவில்லை, குழம்பில் உப்புப் போடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் கடைசியில் வழிக்கு வந்தார்.

கப்பலில் ஏறியதும் அவர் செய்த முதல் காரியம் குறை சொன்னது. காப்பி கழனித்தண்ணி, மெத்தை அதிகப்படி மெத்து, லிஃப்டில் பாட்டுப் போடுகிறார்கள், இத்தனை பெரிய கப்பலில் காலை நீட்டி உட்கார ஓர் இடம் இல்லை. "சவத்த, இதுக்கு நம்ம மொட்டமாடியில கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கலாம்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லி, அப்படிச் சொன்ன வகையிலேயே எல்லோரோடும் ஒட்டிக்கொண்டு, கப்பல் துறைமுகத்தைத் தாண்டி ஒரு பகல் கழிவதற்குள் சமையல்காரன் முதல் கேப்டன் வரை அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடும்படி செய்துவிட்டார். ராஜகனி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். தண்ணிதான் இருந்தது, ஆனாலும் அவளுக்குப் பிடித்திருந்தது.

கப்பல் நின்ற ஓர் இடத்தில் கரையிறங்கி, பஸ்ஸில் போய் 'நாளைய நகரத்தில் ஒரு நாள்' பார்த்துவிட்டு வரலாம் என்றார்கள். புத்தொளி என்று அந்த நகரத்துக்குப் பெயர், மணல்வெளியாகக் கிடந்த இடத்தில் கோடு போட்டுக் கட்டியது, உலகத்தரம் என்று நோட்டீசில் போட்டிருந்தது. அன்று காலையிலிருந்தே அண்ணாச்சிக்கு இடது தோள்பட்டையில் வலி. "நான் வரலட்டீ, நீ போயிட்டு வா, தோளு கடுக்கு" என்றார். "நேத்து ராத்திரி ஏசியில படுத்ததுதான், நாலு எடம் பாத்தியன்னா எல்லாம் சரியாப் போயிரும், ஏறி உக்காருங்க" என்று ராஜகனி கையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஏறி உட்கார்ந்தார். இதை அவள் அன்று பகல் முழுக்கவும் அதற்குப் பிறகும் எத்தனை தடவை நினைத்தாள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

புத்தொளியைப் போல ஏமாற்றிய ஊர் ஒன்றை அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சாலைகள் அகலமாக இருந்தன, எவ்வளவு அகலம் என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டுமானால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆனால் போவதற்குத்தான் ஆள் இல்லை. மரங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இரும்புக் கம்பியில் கட்டப்பட்டு நின்றன, கட்டடங்கள் எல்லாம் நீலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றன, கோயில் இல்லை, கடைத்தெரு இல்லை, பூக்காரி இல்லை, ஒரு நாய்கூட இல்லை. ரவுண்டானா வந்தது, அதன் பிறகு இன்னொரு ரவுண்டானா வந்தது, ஒவ்வொன்றிலும் வெள்ளை உடுப்புப் போட்ட ஆணோ பெண்ணோ ஒருவர் கையை நீட்டி வழிகாட்டிக்கொண்டு நின்றார்கள், உச்சி வெயிலில் வேர்வையைக்கூடத் துடைக்காமல் அவர்கள் நின்ற நேர்த்தியைப் பார்த்துவிட்டுச் சிலை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. வழிகாட்டிப் பெண் ஷெரின், கையில் மஞ்சள் கொடியோடு, எல்லோரையும் இறக்கிக் கூட்டிப்போய்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிக் காட்டினாள். "இதப் பாக்கறதுக்குங்களா இத்தன தூரம் கப்பலேறி வந்தோம்?" என்று கோயம்புத்தூர் சொர்ணாத்தாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அதன் பிறகு ஒரு பெரிய கூடத்தில் நகரத்தின் மாதிரியைக் காட்டினார்கள். மேஜைமேல் குட்டிக் குட்டிக் கட்டடங்கள், பக்கத்தில் வரிசையாகப் பொத்தான்கள், அமுக்கினால் பள்ளிக்கூடம் பச்சையாக எரியும், ஆஸ்பத்திரி சிவப்பாக எரியும், பூங்கா, நூலகம், தீயணைப்பு நிலையம், வயதானவர்கள் நடப்பதற்கு என்று தனிப்பாதை. மனிதனுக்கு வேண்டியது அனைத்தும் இதில் இருக்கிறது என்று ஷெரின் மனப்பாடமாக ஒப்பித்து முடித்ததும், நின்று நின்று கால் வலித்துப்போன அண்ணாச்சி, "எல்லாம் சரி தாயி, சுடுகாடு எங்கன இருக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஷெரின் சிரிக்கவில்லை. அவள் பொத்தான்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கொடியை உயர்த்தினாள்.

சாப்பாடு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். அண்ணாச்சி தட்டில் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், "ஏட்டி, தண்ணி எடுத்துட்டு வா" என்றார், ராஜகனி டம்ளரோடு திரும்பி வந்தபோது மேஜையில் தலையைச் சாய்த்திருந்தார். முதலில் அசதி என்றுதான் நினைத்தாள். தோளைத் தொட்டாள், உலுக்கினாள், பிறகு அவள் போட்ட சத்தத்தில் கூண்டே அதிர்ந்தது. பஸ்ஸில் வந்தவர்களில் ஒரே டாக்டர் பரிமளநாதன் ஓடி வந்தார். அவர் பல் டாக்டர். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார், கடைசியில் பழக்க தோஷத்தில் வாயையும் திறந்து பார்த்துவிட்டு, "போயிட்டாரும்மா" என்றார். பெண்கள் வந்து ராஜகனியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், சொர்ணாத்தாள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னத்துக்கு இப்பிடிக் கத்துதிய? ஏட்டி, தண்ணி எங்க?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி தலையைத் தூக்கினார்.

தண்ணீரை வாங்கிக் குடித்தார். பரிமளநாதன் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டார், நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். உடம்பு ஜில்லென்று இருந்தது. "துடிப்பு இல்லையே அண்ணாச்சி" என்றார் தயங்கி. "இல்லைன்னா என்ன செய்ய முடியும்? இருக்கத வச்சுப் பாப்போம்" என்று அண்ணாச்சி ரசம் ஊற்றச் சொன்னார். ரசம் வாயில் பட்டதும், சூடு தெரியவில்லை என்று முகத்தைச் சுளித்தார்.

அந்தக் கூண்டில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கும் நடப்பதுதான். செத்தவர் வீட்டில் எடுக்கிறவரைக்கும் அடுப்பு எரியக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் செத்தவரே உட்கார்ந்து ரசம் சாப்பிடும்போது மற்றவர்கள் என்ன செய்வது என்பது யாருக்கும் தெரியவில்லை, பசியோ வயிற்றைக் கிள்ளியது. ரிட்டயர்டு தாசில்தார் வேதநாயகம்தான் கடைசியில் தீர்த்துவைத்தார்: கிடந்தால்தான் பிணம், உட்கார்ந்திருந்தால் பயணி. அந்த வார்த்தைக்காகவே காத்திருந்ததுபோல எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆனாலும் அண்ணாச்சி தொட்ட கரண்டியை யாரும் தொடவில்லை, சிலர் சாப்பிட்டு முடித்ததும் தலைமுழுக இடம் இருக்கிறதா என்று விசாரித்தார்கள், இல்லை என்றதும் கைகழுவும் குழாயில் தண்ணீர் பிடித்து உச்சந்தலையில் தெளித்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து ராஜகனியின் கையைப் பிடித்து, ஒன்றும் பேசாமல் கொஞ்சநேரம் தலைகுனிந்து இருந்துவிட்டு, அப்படியே அவர் பக்கம் திரும்பி, "இப்ப எப்பிடி இருக்கு அண்ணாச்சி?" என்றும் கேட்டார்கள். "நல்லா இருக்கேன், தோள்வலி போன எடம் தெரியல" என்றார் அவர்.

ஷெரின் கொஞ்சமும் பதறவில்லை. "எங்க ஊர்ல இது சகஜம் மேடம்" என்று ராஜகனியிடம் மெதுவாகச் சொன்னாள். நகரத்துக்கு வரைபடம் போட்டபோது பக்கத்தில் சுடுகாடு என்றால் மனை விலைபோகாது என்று அதை விட்டுவிட்டார்களாம், வரைபடம் பாஸான பிறகு எதையும் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம், அதனால் புத்தொளியில் செத்துப்போக இடம் இல்லை, இடம் இல்லாததால் யாரும் சாவதும் இல்லை. முதலில் அப்படி ஆனவர் ஒரு கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்தவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மீதிச் சுவரையும் கட்டி முடித்தார். அப்புறம் ஒவ்வொருவராக ஆனார்கள். ஊரில் அவர்களுக்குத் 'தங்கினவர்கள்' என்று பெயர். வெயில் அவர்களைச் சுடாது என்பதால் ரவுண்டானாக்களில் நிற்க வைத்தார்கள். புத்தொளிக்காரர்கள் அவர்களிடம் சௌக்கியமா என்று கேட்கமாட்டார்கள், அவர்களுக்கு முன்னால் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்கமாட்டார்கள், மற்றபடி அண்டை வீட்டாரைப் போலத்தான் நடத்துவார்கள், ஆயுதபூஜை அன்று சிக்னல் விளக்குக்குச் சந்தனம் வைக்கும்போது அவர்கள் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள்.

"ஊர் வாசலைத் தாண்டினா?" என்று ராஜகனி கேட்டாள்.

"தாண்டினா வெளியூர் சட்டம்தான் மேடம்" என்றாள் ஷெரின்.

ராஜகனிக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிப்பானேன். வாசலைத் தாண்டாமல் இருந்தால் போதும், அவர் இருப்பார், திட்டுவார், குறை சொல்வார். அவள் இழுத்துக்கொண்டு வந்ததால்தான் அவர் செத்தார் என்று இருந்தது, இப்போது அவள் இழுத்துக்கொண்டு வந்த ஊராக இருந்ததால்தான் சாகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆகிவிட்டது. டை கட்டிய இளைஞன் ஒருவன் நகர அலுவலகத்திலிருந்து சாவியோடு வந்தான்; குடியிருக்க ஆள் இல்லாத நகரம் ஆனதால், தங்கினவர்களின் குடும்பத்துக்கு ஒரு வீட்டைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். கப்பலுக்கு நாங்களே தகவல் சொல்லிவிடுகிறோம், நீங்கள் பஸ் ஏறவே வேண்டாம் என்றான். ராஜகனி சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீடு உயரத்தில் இருந்தது. தரை பளபளவென்று இருந்தது, அடுக்களையில் பத்துப்பேர் நிற்கலாம், ஜன்னலைத் திறக்க முடியாது, வெளிச்சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வரவில்லை. ராஜகனி படபடவென்று பேசிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தாள்: சாமி விளக்கு இந்த மூலையில், மாவாட்டுவது அந்த ஓரத்தில், ஜெயசெல்வியும் பிள்ளைகளும் வந்தால் இந்த அறையில் படுத்துக்கொள்ளலாம். அண்ணாச்சி சோபாவில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று கீழே ரவுண்டானாவைப் பார்த்தார்.

"ஏட்டி, அந்த ஆளு காலையிலருந்து கையை எறக்கல" என்றார்.

தரை துடைக்க ஒரு பெண் வந்தாள், தெய்வானை என்று பெயர், நகரம் கட்ட ஆரம்பித்தபோது புருஷனோடு தோட்டவேலைக்கு வந்தவள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தாள், ராஜகனியை ஒரு பார்வை பார்த்தாள், "கொஞ்சம் கீழ வாங்கக்கா" என்று கூட்டிக்கொண்டு போனாள். நீரூற்றுக்குப் பக்கத்துப் பெஞ்சில் வெள்ளை உடுப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை, தோளில் மணல் படிந்திருந்தது. தெய்வானை முந்தானையை நீரூற்றில் நனைத்து, அவர் முகத்தையும் காதுமடலையும் விரலிடுக்கையும் பாத்திரம் துலக்குகிற மும்முரத்தோடு துடைத்தாள்.

"என் வீட்டுக்காரர். மொத வருஷம் நல்லாப் பேசுவாரு. அப்புறம் மணி என்னன்னு மட்டும் கேப்பாரு. அப்புறம் அதுவும் இல்ல. மொதல்ல பெத்த பிள்ளைங்க பேரு போவும்க்கா, அப்புறம் கட்டினவ மொகம், கடைசியில அவங்க பேரே அவங்களுக்குப் போயிடும். அதுக்கு மேல ஒடம்பும் அசையாம ஆயிட்டா கூப்பிட்டாலும் கேக்காது. அதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பி வச்சிருக்கணும். எனக்கு மனசு வரல. இருந்தா போதும்னு நெனச்சேன்." அவள் முந்தானையைப் பிழிந்தாள். "உள்ளூர்க்காரங்களுக்கு வருஷக்கணக்காவும். வெளிய இருந்து வந்தவங்களுக்கு ஒரே பொழுதுல ஆயிடுது."

"எப்படி அனுப்புறது?"

"தானா தாண்ட மாட்டாங்க. வாசல்ல ஒரு வெள்ளைக் கோடு இருக்கு. அவங்களுக்குச் சொந்தமானவங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடணும். வேற என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் காலு எழும்பாது."

ராஜகனி அந்தப் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள், எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், மற்றவர்கள் போகப்போகச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள், இவள் விடவில்லை. ரேஷன் கடையில் அட்டையைக் காட்டுவாள், பேங்க்கில் விரலால் காட்டுவாள், கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டுப் பெயருக்கு மகளை இடிப்பாள், மகள் கூட இல்லாத நாளில் அர்ச்சனையே வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். தனியாக இருக்கும்போதுகூட, மனசுக்குள்கூட, அந்தப் பெயரை அவள் உருட்டிப் பார்த்தது கிடையாது. அண்ணாச்சிக்கு ஒருமுறை மஞ்சள்காமாலை வந்து பிழைத்ததும், கடையில் அண்டா சரிந்து தலையில் விழாமல் காலில் விழுந்ததும் டாக்டராலும் சாமியாலும் என்று ஊர் சொன்னது. அது தன் நாக்கு காத்துக்கொடுத்தது என்று ராஜகனிக்குத் தெரியும், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மேலே போனபோது அண்ணாச்சி அதே ஜன்னலோரம் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"ஏட்டி, நம்ம மவ பேரு என்ன?" என்று கேட்டார்.

"ஜெயசெல்வி" என்றாள்.

"ஜெயசெல்வி, ஜெயசெல்வி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் குளியலறைக்குள் போய் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதுவிட்டு முகம் கழுவி வந்தாள். "அந்தப் பிள்ள பேரு என்னன்னு சொன்ன?" என்றார்.

அவள் அவருடைய கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அண்ணாச்சி கேட்டார்: "கீழ அந்தப் பொம்பள என்ன சொன்னா? ஒளிக்காமச் சொல்லு."

சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடையில் சரக்கு வந்த கணக்கைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "அப்பம் கெளம்பு. பஸ்ஸு போயிரும்."

"நான் மாட்டேன்."

"நான் இங்கன கையைத் தூக்கிட்டு நிக்க மாட்டேன் பாத்துக்க. நீ எனக்குத் தூசி தட்டிட்டு இருப்பியா? பாத்திரத்துக்குத் தூசி தட்டுனதே போதும்ட்டீ."

"தட்டுவேன். தெனம் தட்டுவேன். நீங்க பேசாட்டியும் நான் பேசுவேன். தோளு வலிக்குன்னு சொன்னிய. நான் கேக்கலியே. கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேனே. ஒருதரம் கொன்னது போதாதா, ரெண்டாவது தரமும் நானே கொல்லணுமா? என்னைய வச்சு இப்பிடிச் செய்ய ஒங்களுக்கு எப்பிடி மனசு வருது?"

அண்ணாச்சி குனிந்து அவள் கையைப் பிடித்தார். அவர் கை தண்ணீர்த்தொட்டிச் சுவர்போலக் குளிர்ந்திருந்தது. "வேற யாரு கூப்புட்டு நான் எங்க போயிருக்கேன்? சோறு திங்க நீதான் கூப்புட்ட, கப்பலுக்கு நீதான் கூப்புட்ட. இதுக்கு மட்டும் வேற ஆளத் தேடணுமா?" என்றார். அப்புறம் அவர் முகம் மாறியது. கழுத்தில் தொங்கிய கப்பல் அடையாள அட்டையை எடுத்து, எட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"இது யாரு?" என்று கேட்டார்.

ராஜகனி எழுந்தாள். முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து அடுக்களை மேடையில் வைத்தாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினாள், நீலக் கண்ணாடிக் கட்டடங்களையும் கம்பியில் கட்டிய மரங்களையும் தாண்டி அந்த அகலமான சாலையின் நடுவில் இருவரும் நடந்தார்கள், ஒவ்வொரு ரவுண்டானாவிலும் நின்றவர்கள் கையை நீட்டி வாசலுக்கு வழி காட்டினார்கள். வழியில் மகள் பெயரை இன்னும் ஒருமுறை கேட்டார், அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஏட்டி என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. அவள் மட்டும் பேசிக்கொண்டே வந்தாள். தன் குரல் நின்றுவிட்டால் அவர் நடையும் நின்றுவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வாசலுக்கு வெளியே பஸ் நின்றது, அதற்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அமரர் ஊர்தி, அது எப்போதும் அங்கே நிற்பது, அதன் டிரைவர் பீடியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஆண்கள் ஒரு பக்கமாகவும் பெண்கள் ஒரு பக்கமாகவும் தாமாகவே பிரிந்து நின்றார்கள், தாசில்தார் செருப்பைக் கழற்றினார், பரிமளநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ராஜகனி கோட்டைத் தாண்டினாள். அண்ணாச்சியின் கை அவள் கையிலிருந்து தானாக நழுவியது. அவர் கோட்டுக்கு உள்ளே நின்றார், கடைக்கு வந்த புது ஆளைப் பார்ப்பதுபோல மரியாதையாக அவளைப் பார்த்தார்.

"ஏங்க" என்றாள் ராஜகனி.

அவர் அசையவில்லை.

"ஏங்க, வாங்க. இங்க பாருங்க. ஜெயசெல்வி அப்பா. ஜெயசெல்வி அப்பா, வாங்க."

அவருடைய வலது கை மெதுவாக மேலே எழும்ப ஆரம்பித்தது. "பேரைச் சொல்லணும்மா" என்றான் ஊர்தி டிரைவர். ஆண்கள் பக்கத்தில் யாரோ அட்டையில் இருந்த பெயரை நினைவில் வைத்திருந்து உரக்கக் கூப்பிட்டார்கள், இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து கூப்பிட்டார்கள், அது அவர் காதில் விழவே இல்லை. கை இடுப்பைத் தாண்டியது. இனி தோளுக்கு வரும், நீண்டு வழி காட்டும், அப்புறம் இறங்காது. "அம்மிணி, சொல்லிப்போடுங்க" என்று சொர்ணாத்தாள் அழுதாள். ராஜகனி வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அந்தப் பெயரை எப்படி ஆரம்பிப்பது என்றுகூட அவள் நாக்குக்குத் தெரியவில்லை. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சுயம்புலிங்கம்" என்றாள்.

யாரோ அந்நியன் பெயர்போல இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். கை பாதியில் நின்றிருந்தது.

"சுயம்புலிங்கம்!" என்று கத்தினாள்.

அவர் முகத்துக்கு வெளிச்சம் வந்தது. உதடு கோணியது, அந்தக் கிண்டலான கோணல், அவளை மட்டும் பார்த்துக் கோணுவது. "இப்பந்தான் வாய் வந்துச்சாட்டீ ஒனக்கு?" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி காலைத் தூக்கிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

அவள் மேல்தான் சாய்ந்தார். அவ்வளவு கனமாக இருப்பார் என்று அவள் நினைக்கவில்லை, இருவரும் அப்படியே மணலில் சரிந்தார்கள், அவர் தலை அவள் மடியில் வந்து விழுந்தது, ஆண்கள் ஓடி வந்து ஒத்தாசை செய்யக் குனிந்தார்கள். அவள் யாரையும் தொடவிடவில்லை. அவர் தலைமயிரைக் கோதிக்கொண்டே சுயம்புலிங்கம், சுயம்புலிங்கம், சுயம்புலிங்கம் என்று வீதியில் போகிறவனெல்லாம் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். குறைவதற்கு இனி அவர் ஆயுசில் ஒன்றும் மீதி இல்லை.